கிளட்டரிங் உள்ளவர்களுக்கு ஒரு சுயஉதவிக் குழு: தொடங்குவதும் தொடர்ந்து நடத்துவதும்

"முழுங்காம சொல்லு." "யாரும் துரத்தல, மெதுவா பேசு." "நீ சொன்னதுல ஒண்ணுமே புரியல, மறுபடி சொல்லு." இந்த மூன்றையும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கு வார்த்தை தெரியாமல் இல்லை, கூச்சமும் இல்லை. பேச்சு ஓடும், நடுவில் அசைகள் காணாமல் போகும், வாக்கியம் பாதியில் திரும்பி வேறு தெருவுக்குள் நுழைந்துவிடும். எதிரில் இருப்பவர் முகத்தைச் சுளித்த பிறகுதான் ஏதோ தவறியது பேசியவருக்கே தெரியும்.

பேச்சு மருத்துவத்தில் இதற்குக் கிளட்டரிங் என்று பெயர். திக்குவாயைப் போலவே இதுவும் பேச்சின் ஓட்டத்தைப் பாதிக்கும் ஒரு நிலை. திக்குவாய் உள்ளவர்களுக்கு இந்தியாவில் பல ஊர்களில் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. கிளட்டரிங்குக்கு என்று தேடினால் அவ்வளவு எளிதில் கிடைக்காது. அப்படி ஒரு குழுவை நீங்களே ஆரம்பிக்க நினைத்தால் என்னென்ன செய்யவேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். திக்குவாய்க் குழுவின் நடைமுறையை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டால் இது சரிவராது. எங்கெங்கே மாற்றவேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி.

யாருக்கான குழு என்பதை முடிவுசெய்யுங்கள்

வேகமாகப் பேசும் எல்லோருக்கும் கிளட்டரிங் இருப்பதாகச் சொல்ல முடியாது. கிரிக்கெட் வர்ணனையாளர் படபடவென்று பேசுவார், ஒரு எழுத்துகூட விடுபடாது. 2011இல் கென்னத் செயின்ட் லூயிஸ், காத்ரின் ஷுல்டே இருவரும் கொடுத்த வரையறைதான் இப்போது பரவலாகப் பயன்படுகிறது. அதன் சாரம் இது: ஒருவர் தன் தாய்மொழியில் உரையாடும்போது பேச்சின் சில பகுதிகள் கேட்பவருக்கு அளவுக்கு மீறிய வேகமாகவோ, ஒழுங்கற்ற வேகமாகவோ, இரண்டுமாகவோ படவேண்டும். அதோடு கீழ்க்கண்டவற்றில் ஒன்றாவது சேர்ந்து இருக்கவேண்டும்:

- எல்லோருக்கும் வருகிற "வந்து", "அதாவது", பாதியில் திருத்திச் சொல்வது போன்ற தடங்கல்கள் மிக அதிகமாக வருவது
- அசைகள் ஒன்றோடொன்று நசுங்குவது அல்லது விழுந்துவிடுவது
- நிறுத்தமும் அழுத்தமும் தாளமும் வரக்கூடாத இடத்தில் வருவது

"தாய்மொழியில்" என்ற சொல் அங்கே சும்மா போடப்பட்டதல்ல. ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் தடுமாறுபவர் வேறு காரணத்தால் தடுமாறலாம். தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பேச்சுத்தமிழே சுருக்கித்தான் பேசுகிறது. "போய்க்கொண்டிருக்கிறேன்" என்பதை "போயிட்டிருக்கேன்" என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது, அது மொழியின் இயல்பு. அதையே இன்னும் நசுக்கி "போட்ருக்கேன்" என்று சொல்லும்போது கேட்பவர் "எதைப் போட்டிருக்க?" என்று கேட்பார். கோடு அங்கேதான். சுருங்கியதா என்று பார்க்காதீர்கள், கேட்டவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.

சில டாக்டர்களே இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். "அப்படி ஒண்ணும் இல்லப்பா, நிதானமா பேசு" என்று அனுப்பிவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி-10இல் இதற்கு எஃப் 98.6 என்று தனிக் குறியீடே உண்டு, திக்குவாய்க்கு எஃப் 98.5. டீசோ வைஸ் என்ற மருத்துவர் 1964இலேயே இதைப் பற்றி முழுநூல் எழுதிவிட்டார். குழுவுக்கு வருபவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தன்னை இத்தனை நாளாக "அவசரக்குடுக்கை" என்று நினைத்திருந்த ஒருவர் அதற்கு ஒரு குறியீட்டு எண் இருப்பதைக் கேட்டு எவ்வளவு ஆறுதல் அடைகிறார் என்பது ஆச்சரியமாக இருக்கும்.

திக்குவாய்க் குழுவோடு சேர்வதா, தனியாகவா?

இது முதல் பெரிய முடிவு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

டிசா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இண்டியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் 2008 முதல் இயங்குகிறது. அதைச் சார்ந்த சுயஉதவிக் குழுக்கள் பல நகரங்களில் கூடுகின்றன. இரண்டு நிலையும் ஒருவருக்கே இருப்பதும் சகஜம். ஆகவே அங்கே போய் உட்கார்ந்து ஒரு கூட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பது கட்டாயம் செய்யவேண்டிய வேலை. உங்கள் முதல் உறுப்பினர் அந்த அறையிலேயே இருக்கவும் வாய்ப்பு அதிகம்.

ஆனால் நிரந்தரமாக அங்கேயே தங்கினால் ஒரு முரண்பாடு வரும். திக்குவாய் உள்ளவருக்கு எந்தச் சொல்லில் மாட்டப்போகிறோம் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். அந்தப் பயம்தான் அவருக்குப் பாதிப் பாரம். அதனால் திக்குவாய்க் குழுக்கள் "திக்கினால் திக்கட்டும், பேசு" என்ற ஏற்பை முன்னால் வைக்கின்றன. அவர்களுக்கு அது சரியான மருந்து. கிளட்டரிங்கில் நிலைமை நேர் எதிர். பேசும் கணத்தில் தவறுவது பேசுபவருக்குத் தெரிவதில்லை. பொதுவாகத் தன் பேச்சில் ஏதோ பிரச்சினை என்று தெரிந்திருக்கும், இதோ இந்த வாக்கியத்தில் விழுந்தது என்று தெரியாது. அவரிடம் "உங்கள் இஷ்டப்படி பேசுங்கள்" என்று மட்டும் சொன்னால் அவர் சந்தோஷமாகப் பேசுவார், எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது.

இன்னொன்று: பதற்றம் கூடினால் பொதுவாகத் திக்கல் கூடும். கிளட்டரிங் உள்ளவர் கவனமாக, பழக்கமில்லாதவர் முன்னால், குறைந்த நேரம் பேசினால் பலமுறை நன்றாகவே பேசிவிடுவார். வீட்டில், நண்பர்களோடு, உற்சாகமாக இருக்கும்போதுதான் எல்லாம் கொட்டிப்போகும். கிளினிக்கில் போய் உட்கார்ந்ததும் பேச்சு தெளிவாகிவிடுவதும் இதனால்தான். குழுவுக்கும் இது பொருந்தும். முதல் இரண்டு கூட்டங்களில் எல்லோரும் அழகாகப் பேசுவார்கள். "நமக்கெல்லாம் ஒண்ணுமில்லையோ" என்று சந்தேகம் வரும். பழகட்டும், தெரியும்.

என் கருத்து: திக்குவாய்க் குழுவின் நட்பு வேண்டும், கூட்டம் தனியாக இருக்கவேண்டும். ஆள் சேரும்வரை அவர்கள் கூட்டத்தில் கடைசி அரைமணி நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் நீங்கள் செய்யவேண்டியது

உங்கள் சொந்தப் பேச்சைப் பதிவுசெய்து கேளுங்கள். மேடைப்பேச்சு வேண்டாம். நண்பரிடம் அவர் அனுமதியோடு போனில் சினிமாக் கதை சொல்வதுபோல் பத்து நிமிடம். அதில் ஒரு நிமிடத்தை எடுத்து, காதில் கேட்டபடியே எழுத்து எழுத்தாக எழுதிப் பாருங்கள். இது கொஞ்சம் வலிக்கும் வேலை. இதைச் செய்யாதவர் குழுவில் மற்றவர்களைச் செய்யச் சொல்ல முடியாது.

அடுத்து, முறையாகப் படித்த ஒரு பேச்சு மருத்துவரைச் சந்தியுங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தப்பில்லை. கேட்டால் பதிவு எண்ணைச் சொல்வார்கள். மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம், சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம், மருத்துவக் கல்லூரிகளின் பேச்சு-செவித்துறைகள் என்று போக இடம் இருக்கிறது. இலங்கை வாசகர்கள் களனிப் பல்கலைக்கழகத்தில் இத்துறை இருப்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

அந்தப் பேச்சு மருத்துவரிடம் குழுவை நடத்தச் சொல்லாதீர்கள். சந்தேகம் வந்தால் கேட்க ஒரு ஆள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை விருந்தினராக வர ஒரு ஆள், அவ்வளவே தேவை. குழுவைச் சிகிச்சை என்று எங்கேயும் எழுதவும் வேண்டாம். வருபவருக்குக் கிளட்டரிங் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்குக் கிடையாது. கவனக்குறைவுக் கோளாறு, கற்றல் சிரமம் போன்றவையும் சிலரிடம் கூடவே இருக்கும். பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று பேச்சு குழறத் தொடங்கினால் அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். அவரைக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

ஆட்களைக் கண்டுபிடிப்பது

மொத்த வேலையிலும் கஷ்டமானது இதுதான். திக்குவாய் உள்ளவருக்குத் தனக்குத் திக்குவாய் என்று தெரியும், தேடி வருவார். கிளட்டரிங் உள்ளவருக்குப் பெரும்பாலும் அந்தப் பெயரே தெரியாது. "கிளட்டரிங் ஆதரவுக் குழு, ஞாயிறு மாலை 5 மணி" என்று நோட்டீஸ் ஒட்டினால் ஒருவரும் வரமாட்டார்கள். வந்தாலும் வீட்டில் சாமான் குவிந்து கிடப்பவர்தான் வருவார், ஆங்கிலத்தில் அதற்கும் இதே சொல் என்பதால்.

அறிவிப்பைக் கேள்விகளாக எழுதுங்கள். மாதிரிக்கு:

"நீங்கள் பேசினால் அடிக்கடி ‘என்ன?’ என்று திருப்பிக் கேட்கிறார்களா? வார்த்தையை முழுங்குவதாக வீட்டில் சொல்கிறார்களா? சொல்ல வந்தது ஒன்று, சொல்லி முடித்தது வேறொன்று என்று ஆகிறதா? போனில் பேசும்போது இது அதிகமாகிறதா? இது கெட்ட பழக்கம் இல்லை. இப்படிப் பேசும் சிலர் மாதம் இருமுறை கூடிப் பேசுகிறோம், பழகுகிறோம். கட்டணம் இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் போதும், போன் செய்யவேண்டாம்."

கடைசி வரி முக்கியம். பேச்சில் சிரமம் இருப்பவரிடம் "தொடர்புக்கு அழைக்கவும்" என்று எண் கொடுப்பது அபத்தம்.

இதை ஒட்டவேண்டிய இடங்கள்: பேச்சு மருத்துவர்களின் காத்திருப்பு அறை, திக்குவாய்க் குழுக்களின் வாட்ஸ்அப் குழுமம், கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவு, மாவட்ட நூலகத்தின் அறிவிப்புப் பலகை. வேலைவாய்ப்புப் பிரிவைச் சொல்லக் காரணம் உண்டு. நேர்முகத்தேர்வில் "கம்யூனிகேஷன் சரியில்லை" என்று ஒதுக்கப்பட்டவர்களில் சிலர் நம் ஆட்களாக இருப்பார்கள். மனைவி, அண்ணன், அலுவலகத் தோழி ஆகியோர் வழியாகவும் ஆள் வரும், ஏனென்றால் அவர்கள்தான் முதலில் கவனிப்பவர்கள். ஆனால் மனைவி இழுத்துக்கொண்டு வந்து உட்காரவைத்த கணவர் இரண்டாம் கூட்டத்துக்கு வரமாட்டார். "அவரே ஒரு வரி எழுதட்டும்க்கா" என்று நயமாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்று பேர் சேர்ந்தால் தொடங்கிவிடலாம். பத்துக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொருவருக்கும் பேச நேரம் கிடைக்காத குழு வெறும் கேட்கும் கூட்டம்.

இடம், நேரம், ஆன்லைன்

அமைதியான அறை வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. பூங்காவில் கூடுவது செலவில்லாதது, ஆனால் பேருந்துச் சத்தத்தில் விழுங்கிய அசையையும் சத்தம் விழுங்கிய அசையையும் பிரித்துச் சொல்ல முடியாது. டீக்கடை கூட்டம் முடிந்தபின் போவதற்கு. நூலகத்தின் சிறு அறை, பள்ளி வகுப்பறை, யாராவது ஒருவர் அலுவலகத்தின் கூட்ட அறை போன்றவை சரிவரும். வட்டமாக உட்காருங்கள், உதடு தெரியவேண்டும்.

ஆட்கள் ஊர் ஊராகச் சிதறி இருப்பதால் ஆன்லைன் தவிர்க்க முடியாதது. ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். கூகுள் மீட்டில் மூன்று பேருக்கு மேல் என்றால் ஒரு மணிநேரம். இந்த வெட்டையே இடைவேளையாக வைத்துக்கொள்ளலாம். ஆன்லைனில் சிறு தாமதம் இருப்பதால் ஒருவர்மேல் ஒருவர் பேசுவது இரட்டிப்பாகும். ஆகவே பேசுபவரைத் தவிர எல்லோரும் மைக்கை அணைப்பது கட்டாயம். கேமரா திறந்திருக்கவேண்டும், ஏன் என்று கீழே சைகை பற்றிப் பேசும்போது புரியும்.

தேதியை ஒவ்வொரு முறையும் கலந்து பேசி முடிவுசெய்யாதீர்கள். நம் உறுப்பினர்களில் சிலருக்குத் திட்டமிடுவதும் நினைவில் வைப்பதும் சிரமம். "முதல் ஞாயிறு, மூன்றாம் ஞாயிறு, மாலை 5 மணி" என்று ஒருமுறை முடிவுசெய்தால் மாற்றவே கூடாது. முந்தின நாள் ஒரு நினைவூட்டல், அன்று காலை ஒன்று. வராதவரிடம் விளக்கம் கேட்கவேண்டாம்.

விதிகள்: குறைவாக, ஆனால் கறாராக

முதல் விதி, "மெதுவா பேசு" என்ற சொற்றொடருக்குத் தடை. இதை அவர்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்டாகிவிட்டது. சொன்னதும் சில நொடி வேகம் குறையும், அப்புறம் பழையபடி. அது பேசுபவருக்கு எந்தத் தகவலையும் தருவதில்லை. அதற்குப் பதிலாகக் கேட்டவர் எதுவரை கேட்டார் என்று சொல்லட்டும்: "‘நேத்து பேங்க்ல’ வரைக்கும் புரிஞ்சுது, அதுக்கப்புறம் விட்டுட்டேன்." இதில் பழி இல்லை, இடம் இருக்கிறது. பேசியவர் அந்த இடத்துக்குப் போய் மறுபடி சொல்லலாம். இந்த ஒரு விதியை மட்டும் குழு கடைப்பிடித்தால் மற்ற எல்லாம் பின்னால் வரும்.

இரண்டாவது, சைகை. பேச்சை நிறுத்தாமல் "தவறுது" என்று காட்ட ஒரு கை அசைவு. உள்ளங்கையை மேசைமேல் மெல்ல வைப்பது போதும், ஆன்லைனில் கேமரா முன் கையை உயர்த்துவது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கைகாட்டினால் பேசுபவர் நீதிமன்றத்தில் நிற்பதாக உணர்வார். ஒவ்வொருவர் பேசும்போதும் ஒரே ஒரு ஆள் மட்டும் காவல், அந்த ஆளைப் பேசுபவரே தேர்ந்தெடுப்பார். "இன்னிக்கு எனக்குச் சைகை வேண்டாம், சும்மா கேளுங்க" என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. வேலை போன துக்கத்தைச் சொல்ல வந்தவரிடம் அசை எண்ணுவது மகா கொடுமை.

மூன்றாவது, பேசும் முறை. பேனாவோ பந்தோ, கையில் வைத்திருப்பவர் மட்டும் பேசுவார். அடுத்தவரிடம் கொடுக்கும் முன் உள்ளே இரண்டு எண்ணவேண்டும். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். கிளட்டரிங் உள்ள ஆறு பேர் ஒரு சுவாரசியமான விஷயத்தில் மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்று பார்த்தவர்கள் இதை எதிர்க்கமாட்டார்கள்.

நான்காவது, பதிவுகள். பதிவு அவரவர் கைப்பேசியில் மட்டும். மற்றவர் பேச்சைப் பதிவுசெய்வதோ பகிர்வதோ கூடாது. வேடிக்கைக்காகக்கூட வேண்டாம். கிண்டலுக்கு ஆளானவர்கள்தான் இங்கே வருகிறார்கள்.

முதல் கூட்டம்

தொண்ணூறு நிமிடம் போதும். முதல் பத்து நிமிடம் நீங்கள் பேசுங்கள்: ஏன் கூடுகிறோம், நான்கு விதிகள், இது சிகிச்சை இல்லை. அப்புறம் ஆளுக்கு மூன்று நிமிட அறிமுகம். பெயரைச் சொல்லும்போது இரண்டு முறை சொல்லவேண்டும் என்று வையுங்கள். தன் பெயரையே அதிகமாக விழுங்குபவர்கள் உண்டு, ஆயிரம் முறை சொன்ன சொல் என்பதால் வாய் அதைச் சிதைத்துவிடுகிறது.

அடுத்த அரைமணி நேரத்துக்கு ஒரே கேள்வி: "உங்க பேச்சு புரியாம போனதால சமீபத்துல என்ன நடந்துச்சு?" கதைகள் தானாக வரும். ஆட்டோக்காரர் வேறு தெருவுக்குக் கொண்டுபோனது, மருந்துக்கடையில் வேறு மாத்திரை தந்தது, மேலதிகாரி "மெயில் போட்டுடு, பேசாதே" என்றது. சிரிப்பும் வரும், சில நேரம் கண்ணும் கலங்கும். இந்த இடத்தில் அறிவுரை வேண்டாம். முதல் கூட்டத்தில் "எனக்கும்தான்" என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பு எந்தப் பயிற்சிக்கும் இல்லை.

மீதி நேரத்தில் ஒரு சிறு பயிற்சி, பிறகு டீ. வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள்.

பயிற்சிகள்: தமிழுக்கு ஏற்ற சில

பேச்சு மருத்துவர்கள் பயன்படுத்தும் அடிப்படைகள் தெரிந்தவைதான்: பதிவுசெய்து கேட்பது, நிறுத்தத்தை வேண்டுமென்றே வைப்பது, உதட்டையும் நாக்கையும் சற்று மிகையாக அசைத்துச் சொல்வது, பேசும் முன் விஷயத்தை வரிசைப்படுத்துவது. குழுவில் இவற்றைத் தமிழின் போக்குக்கு மாற்றிக்கொள்ளவேண்டும்.

தமிழ் வாக்கியத்தில் யார், எப்போது, ஆமாவா இல்லையா என்பதெல்லாம் வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. வாக்கியக் கடைசியில்தான் வினை வரும். கிளட்டரிங் உள்ளவர் அதிகம் விழுங்குவதும் கடைசியைத்தான். விளைவு, "பணம் கொடுத்துட்டேன்" என்பதும் "பணம் கொடுத்துடுறேன்" என்பதும் ஒன்றாகிவிடும். முதலாவதைக் கேட்டவர் நிம்மதியாக இருப்பார், இரண்டாவதைச் சொன்னவர் நாளைக்குக் கொடுக்க நினைத்திருப்பார். சண்டை அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே முதல் பயிற்சி வால் பயிற்சி. ஒருவர் சீட்டில் இருப்பதைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்வார், மற்றவர் கேட்டதை எழுதுவார். சீட்டுகள் இப்படி இருக்கட்டும்:

- வந்துட்டேன் / வந்துடுறேன்
- போகலாம் / போகல
- சொல்லிட்டாங்க / சொல்லிட்டாங்களா
- முடியும்னாங்க / முடியாதுன்னாங்க

தனியாகச் சொன்னால் எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். நீளமான வாக்கியத்தின் கடைசியில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்: "நேத்து சாயங்காலம் தாலுகா ஆபீஸ்ல இருந்த அந்த மீசைக்காரர்கிட்ட கேட்டதுக்கு முடியாதுன்னாங்க." அப்போது வால் தேய்வது கேட்கும்.

இருபது நொடி எழுத்து. அவரவர் பதிவில் இருபது நொடியைக் குழுவில் போட்டுக் கேட்டு, கேட்டதைக் கேட்டபடியே காகிதத்தில் எழுதுவது. விருப்பப்பட்டவர் மட்டும். எழுதுபவர் பேசியவரே. அவர் காதால் அவர் பிடிக்கும்போதுதான் பேசும் கணத்தில் பிடிக்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

தலைப்பு, மூன்று புள்ளி. இரண்டு நிமிடம் பேசவேண்டும், ஆனால் முதலில் "நான் மூணு விஷயம் சொல்லப்போறேன்" என்று மூன்றையும் ஒவ்வொரு சொல்லில் சொல்லிவிடவேண்டும். விரலை மடக்கிக்கொண்டே பேசலாம். கிளைக்கதைக்குள் போனால் காவல் ஆள் எத்தனையாவது விரல் என்று காட்டுவார். இது பேச்சு வேகத்தைவிட எண்ணத்தின் தாவலுக்கான பயிற்சி. பலருக்கு உண்மையான தொந்தரவு அங்கேதான் இருக்கிறது.

எண்ணும் முகவரியும். கைப்பேசி எண்ணை ஐந்தும் ஐந்துமாகப் பிரித்து, நடுவில் மூச்சு விட்டுச் சொல்வது. வீட்டு எண், தெரு, ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுத்தம். தினசரி உடனே பலன் தருவது இதுதான்.

சத்தமாக வாசித்தல். செய்தித்தாளில் ஒரு பத்தியை எடுத்து, எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே பேனாவால் கோடு போட்டு வாசிப்பது. கோட்டில் நிற்காமல் ஓடினால் அந்த வாக்கியத்தை மறுபடி. இதில் கெட்டிக்காரர் ஆகிவிட்டு உரையாடலில் பழையபடி இருப்பவர்கள் ஏராளம், ஆகவே இதிலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

பழகிய பிறகு வெளியுலகம். கூட்டத்தின் நடுவிலேயே ஒருவர் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்து தன் சொந்த விஷயத்தைக் கேட்கலாம். மற்றவர்கள் அவர் பக்கப் பேச்சை மட்டும் கேட்பார்கள். எதிர்முனை எத்தனை முறை "சார், புரியல" என்றது என்பதை அவரே வந்து சொல்வார்.

எல்லாவற்றுக்கும் ஒரு எல்லை. ஒரு கூட்டத்தில் ஒரு பயிற்சி, அதிகம் போனால் இரண்டு. மீதி நேரம் சாதாரண அரட்டையாக இருக்கட்டும், ஏனென்றால் இந்தப் பேச்சு உண்மையில் வெளிப்படும் இடம் அரட்டைதான்.

வாட்ஸ்அப் குழுமம்

வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையில் குழுவின் உயிர் அதில்தான் இருக்கும். காலை வணக்கப் படங்களுக்குத் தடை. வாரம் ஒருமுறை விருப்பப்பட்டவர் ஒரு நிமிடக் குரல் செய்தி போடலாம், அதற்கு மற்றவர்கள் "எதுவரை புரிந்தது" என்று எழுதலாம். கேட்பவர்கள் அதை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கக்கூடாது என்று தனியாகச் சொல்லவேண்டியிருக்கும். சிரிக்காதீர்கள், நடக்கும்.

வீட்டாரை அழைக்கும் நாள்

நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீட்டார் வரட்டும். பெரும்பாலான வீடுகளில் ஒருவர் மொழிபெயர்ப்பாளர் ஆகியிருப்பார். கடையில், டாக்டரிடம், சொந்தக்காரர் போனில் "அவர் என்ன சொல்றார்னா..." என்று அவரே பேசிவிடுவார். அன்பால் செய்வதுதான், ஆனால் பேசுபவருக்குத் தன் பேச்சு புரியவில்லை என்ற செய்தியே வந்து சேராமல் போகிறது. அந்த நாளில் வீட்டாருக்கு இரண்டே விஷயம் கற்றுக்கொடுங்கள்: மொழிபெயர்க்காமல் விடுவது, "மெதுவா" என்பதற்குப் பதில் "இதுவரை புரிஞ்சுது" என்று சொல்வது. அதற்குமேல் அவர்களை வீட்டில் காவல் ஆளாக்காதீர்கள். சாப்பாட்டு மேசையில் யாருக்கும் சைகை பிடிக்காது.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைப் பெரியவர்கள் குழுவில் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பெற்றோரையும் பேச்சு மருத்துவரையும் வைத்துத் தனியாகச் செய்யவேண்டிய வேலை அது.

நடத்துபவர் சோர்ந்து போகாமல் இருக்க

ஒருவரே எல்லாவற்றையும் செய்தால் குழு அவரோடு முடிந்துவிடும். மூன்றாம் கூட்டத்திலிருந்தே நெறியாளரை மாற்றுங்கள். நெறியாளருக்கு ஒரு காகிதம் போதும்: நேரப் பட்டியல், நான்கு விதி, அன்றைய பயிற்சி. நேரம் பார்க்க வேறொருவர், நினைவூட்டல் அனுப்ப வேறொருவர். பேச்சு தெளிவாக இருப்பவரிடமே நெறியாளர் வேலை போய்ச் சேரும், அதைத் தடுங்கள். புரியாமல் பேசும் ஒருவர் கூட்டத்தை நடத்துவதுதான் அவருக்குக் கிடைக்கும் சிறந்த பயிற்சி.

பணம் வேண்டாம். டீச்செலவை அன்றன்றே பகிர்ந்துகொள்ளுங்கள். சங்கமாகப் பதிவுசெய்யலாமா என்று யாராவது கேட்பார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் இருந்தால் செய்யலாம். ஆனால் நன்கொடை வாங்கும் எண்ணம் இல்லாதவரை அது கணக்கு எழுதும் வேலையைத்தான் கொடுக்கும்.

சில தொந்தரவுகள் வந்தே தீரும். முப்பது நாளில் குணம் என்று மருந்தோ பயிற்சி வகுப்போ விற்பவர் உறுப்பினர் வேடத்தில் நுழைவார், அன்றே வெளியேற்றுங்கள். நேர்முகத்தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும் வருபவர் இருப்பார், வரட்டும், கதவைத் திறந்தே வையுங்கள். எல்லோருடைய நேரத்தையும் ஒருவரே எடுத்துக்கொள்வார், அதற்குத்தான் பந்து. யாராவது மிக மனமுடைந்து பேசினால் குழுவே அதைத் தாங்க முயலக்கூடாது. கூட்டம் முடிந்ததும் தனியாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கொடுங்கள், அது அரசின் மனநல உதவி எண். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. பேசவே தயங்கினால் நீங்கள் பக்கத்தில் இருந்து எண்ணைப் போட்டுக் கொடுங்கள்.

சில மாதம் கழித்துக் கூட்டத்துக்கு இரண்டே பேர் வரும் ஞாயிறும் வரும். அன்றும் கூட்டத்தை நடத்துங்கள். இரண்டு பேர் என்றால் ஆளுக்கு நாற்பது நிமிடம் பேசக் கிடைக்கும்.

வெளியே உள்ளவர்களோடு தொடர்பு

2007 மே மாதம் பல்கேரியாவில் கிளட்டரிங்குக்கான முதல் உலக மாநாடு நடந்தது. அங்கேதான் சர்வதேசக் கிளட்டரிங் சங்கம் உருவானது. ஆராய்ச்சியாளர்கள், பேச்சு மருத்துவர்கள், கிளட்டரிங் உள்ளவர்கள் மூன்று தரப்பும் அதில் இருக்கிறார்கள். குழு ஓரளவு நிலைத்ததும் உங்கள் ஊர், மொழி, கூடும் நாள் ஆகியவற்றைச் சொல்லி அவர்களுக்கு எழுதுங்கள். வெளிநாட்டுத் தமிழர்கள் சிலர் அந்த வழியாக ஆன்லைன் கூட்டத்துக்கு வரக்கூடும். அப்படி வந்தால் நேரத்தை ஒருமுறை மாற்றவேண்டியிருக்கும். லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் சேர்த்து ஒத்துவரும் நேரம் நம்மூர் ஞாயிறு இரவு ஏழு மணி.

ஆண்டுதோறும் அக்டோபர் 22 சர்வதேசத் திக்குவாய் விழிப்புணர்வு நாள். திக்குவாய்க் குழுக்கள் அன்று கல்லூரிகளில் நிகழ்ச்சி நடத்தும். அதில் நீங்கள் பேசப் பத்து நிமிடம் தரச்சொல்லிக் கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு மூன்று புள்ளி எழுதிக்கொண்டு போங்கள், அறிவிப்பில் இருக்கும் அதே கேள்விகளை மேடையில் கேளுங்கள், வாட்ஸ்அப் எண்ணைத் திரையில் பெரிதாகப் போடுங்கள். வாயால் சொல்லவேண்டாம்.